பல்பு வாங்கப் போய் பல்பு வாங்காதீங்க!

'நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... அந்த லைட்டு ஏன் எரியலைன்னு கொஞ்சம் பாரேன்!'

லீவுக்கு ஊருக்குப் போற எந்த மாணவரும் இந்த வசனத்துக்குத் தப்பினதா சரித்திரமே இல்லை. நீங்க படிக்கிறது சிவிலா இருக்கலாம், பயோ டெக்கா இருக்கலாம், ஏன்... பி.காம்.கூட இருக்கலாம். கழுத்துல காலேஜ் ஐ.டி. கார்டு தொங்கினா, வீட்ல நீங்கதான் எலெக்ட்ரீஷியன்!

சரின்னு ஸ்டூல் போட்டு ஏறி, ஃபியூஸ் போனதைக் கழட்டி, சட்டைப் பையில போட்டுக்கிட்டு கடைக்குப் போவீங்க. கடைக்கார அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'இந்த மாடல் இப்ப வர்றதில்லை தம்பி... ஃபிட்டிங்கையே மாத்திடுங்க'ன்னு கூலா சொல்லிடுவார். நூறு ரூபாயோட முடிய வேண்டிய வேலை, ஆயிரத்துல போய் நிற்கும். இல்லைன்னா, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுடுவோம். மாடிப்படி மாசக்கணக்குல இருட்டாவே கிடக்கும். நாம தாவிக் குதிச்சு ஏறிடுவோம். தட்டுத் தடுமாறுறது தாத்தாவும் பாட்டியும்தான்.

உண்மையில, பழைய ஃபிட்டிங்ல பெரும்பாலானதுக்கு இன்னிக்கும் மாற்று பல்ப் உண்டு. ஆனா, 'ஒரு பல்ப் குடுங்கண்ணே'ன்னு மொட்டையா கேட்டா கிடைக்காது. மூணு கேள்விக்குப் பதில் கையில இருக்கணும். பல்போட அடிப்பாகம் எப்படி இருக்கு? எத்தனை வோல்ட்? ஃபிட்டிங்குக்குள்ள சோக்கோ, டிரான்ஸ்ஃபார்மரோ ஒளிஞ்சிருக்கா? அவ்வளவுதான் மேட்டர்!

பின்னா... மரையா?

நம்ம ஊர் வீடுகள்ல அதிகம் இருக்கிறது, ரெண்டு பக்கமும் குட்டிக் காது மாதிரி பின் நீட்டிக்கிட்டிருக்கிற பல்ப். அமுக்கி, லேசா திருப்பினா மாட்டிக்கும். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சமாச்சாரம் இது. கடை பாஷையில 'பின் டைப்'. டெக்னிக்கலா பி22. இந்த 22ங்கிறது அடிப்பாகத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல.

இந்த அளவு இத்தனை வருஷமா மாறவே இல்லைங்கிறதுதான் நம்ம அதிர்ஷ்டம். 2015 ஜனவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச 'உஜாலா' திட்டத்துல நாடு முழுக்க 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்துச்சு. பின் டைப் எல்.இ.டி. பல்பை தாத்தா காலத்து கறுப்பு பேக்லைட் ஹோல்டர்ல மாட்டினாலும் சமத்தா எரியும்.

அடுத்தது மரை பல்ப், அதாவது ஸ்க்ரூ டைப். பெருசு இ27, சின்னது இ14. ஹால்ல தொங்குற அலங்கார விளக்கு, சுவர்ல பதிச்ச பூ டிசைன் விளக்கு, பழைய ஃபிரிட்ஜ் இதுலயெல்லாம் இ14 இருக்க வாய்ப்பு அதிகம். 'பின்னும் இல்ல, மரையும் இல்ல... ரெண்டும் கலந்து ஒண்ணு வேணும்'னா அதுக்கும் வழி இருக்கு. ஒரு வகையை இன்னொரு வகையா மாத்துற கன்வெர்ட்டர் ஹோல்டர் எலெக்ட்ரிக்கல் கடையில கிடைக்குது. என்ன... பல்ப் ரெண்டு விரல் கீழே இறங்கி, ஷேடுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்!

ஒரு எச்சரிக்கை. மரை ஹோல்டர்ல ஃபேஸ் ஒயர் நடுவுல இருக்கிற புள்ளிக்குத்தான் போகணும். மாத்திக் கொடுத்திருந்தா, வெளி மரை முழுக்க கரன்ட். பல்பைத் திருகும்போது விரல் பட்டா 'ஷாக்' சினிமா இலவசம்.

புது பல்பும் மினுக் மினுக்னு கண்ணடிக்குதா? குற்றவாளி பெரும்பாலும் பல்ப் இல்லை, ஹோல்டர். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்துபோய் தொட்டும் தொடாம நிற்கும். அந்த இடத்துல தீப்பொறி பறந்து சூடாகும். ஹோல்டரை மட்டும் மாத்தினா போதும். பேட்டன், ஆங்கிள், பெண்டென்ட்னு மூணு வகை இருக்கு. எதுன்னு பார்த்துட்டுப் போங்க.

டியூப் லைட்டுக்கு ரிட்டயர்மென்ட்!

லேட்டா புரிஞ்சுக்கிற ஃப்ரெண்டை 'டியூப் லைட்'னு கலாய்க்கிற கடைசித் தலைமுறை நாமளாத்தான் இருப்போம் போல. டியூப்புக்குள்ள பாதரசம் இருக்கு. பாதரசத்தைக் குறைக்கிறதுக்கான 'மினமாட்டா' உடன்படிக்கையில இந்தியா 2018-ல் சேர்ந்துச்சு. 2023-ல் ஜெனீவாவுல கூடின அதோட மாநாட்டுல, டியூப் லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள்ள நிறுத்திடணும்னு முடிவெடுத்தாங்க. ஆக, வீட்டுல டியூப் பட்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது நேரடி சேதி.

முதல்ல உங்களுது என்ன டியூப்னு தெரியணும். குண்டா இருந்தா டி12. அதைவிட ஒல்லி டி8. ரொம்ப ஒல்லிப்பிச்சான் டி5. இந்த நம்பருக்குப் பின்னால ஒரு குட்டிக் கணக்கு இருக்கு. அது இன்ச்சோட எட்டுல பாகம். டி8 சரியா ஒரு இன்ச் விட்டம், டி12 ஒன்றரை இன்ச். இந்த ரெண்டுக்கும் நாலடி நீளமும் பின் இடைவெளியும் ஒண்ணுதான். அதனால பட்டியில மாறி மாறி உட்காரும். டி5 மட்டும் நீளத்துலயும் குட்டை, பின்னும் நெருக்கம். பழைய பட்டியில அதை மாட்ட முடியாது.

பட்டி நல்லா இருந்தா, டி8 அளவுலயே வர்ற எல்.இ.டி. டியூப் போடலாம். ஆனா இங்கதான் உஷார்! எல்லா எல்.இ.டி. டியூப்பும் ஒரே மாதிரி இல்லை. சிலது பழைய காப்பர் சோக் இருக்கும்போதே எரியும். ஸ்டார்ட்டரைக் கழட்டிட்டு, கூட வர்ற டம்மி ஸ்டார்ட்டரைப் போட்டா போதும். சிலதுக்கு சோக்கையே கழட்டிட்டு நேரா 230 வோல்ட் கொடுக்கணும். அதுலயும் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் ஒரே முனைக்குப் போறது ஒரு வகை, ஆளுக்கொரு முனைக்குப் போறது இன்னொரு வகை. ரெண்டாவது வகையில ஒரு முனையை மாட்டிட்டு மறு முனையைக் கையில பிடிச்சிருந்தா, அந்தப் பின்னுல கரன்ட் வர வாய்ப்பு உண்டு. டியூப் மேலயே வரைஞ்சிருக்கிற ஒயரிங் படத்தைப் பார்க்காம கை வைக்கவே வைக்காதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் எல்லாமே. சோக் கழட்டுற வேலைன்னா எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுறது கௌரவக் குறைச்சல் இல்லை பாஸ்!

பட்டி துருப்பிடிச்சு, சோக் 'ங்ங்ங்...'னு கத்துதா? அப்ப கடைக்கார அண்ணன் சொல்றதுதான் சரி. புது எல்.இ.டி. பேட்டனா மாட்டிடுங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு மாட்டுங்க... பல பேட்டன்கள்ல லைட் உள்ளேயே ஒட்டியிருக்கும். போச்சுன்னா மொத்தமா போச்சு. பழைய பட்டி மாதிரி டியூப் தனி, சோக் தனின்னு மாத்த முடியாது.

சீலிங்ல ஒரு சஸ்பென்ஸ்

ஃபால்ஸ் சீலிங்ல பதிச்ச குட்டி ஸ்பாட் லைட் ரெண்டு வகை. அடியில ஊசி மாதிரி மெல்லிசா ரெண்டு பின் இருந்தா, அது பெரும்பாலும் 12 வோல்ட் எம்.ஆர்.16. மேலே டிரான்ஸ்ஃபார்மர் ஒளிஞ்சிருக்கும். பின் தடியா, நுனியில தொப்பி வெச்ச மாதிரி இருந்தா அது ஜி.யு.10, நேரடி 230 வோல்ட்.

50 வாட் ஹாலஜனைக் கழட்டிட்டு 5 வாட் எல்.இ.டி. போட்டதும் டிஸ்கோ லைட் மாதிரி துடிக்குதா? பழைய எலெக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் பலதுக்கும் குறைஞ்சது 20 வாட்டாவது லோடு வேணும். 5 வாட்டுக்கெல்லாம் அது எழுந்திரிக்காது. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துட்டு 12 வோல்ட் எல்.இ.டி. டிரைவர் போட்டா துடிப்பு நின்னுடும். சென்னை நண்பர்கள் இதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நடை போகலாம். பழைய கண்ணாடி ஷேடு, பீங்கான் ஹோல்டர்னு தேடுறவங்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகள் ஒரு குட்டி சொர்க்கம்.

ஜீரோன்னா ஜீரோ இல்ல!

பெட்ரூம்ல எரியற 'ஜீரோ வாட்' பல்ப் உண்மையில 12 முதல் 15 வாட் இழுக்கும். 15 வாட்னு வெச்சு, ராத்திரி 10 மணி நேரம் எரியவிட்டா மாசத்துக்கு 4.5 யூனிட். அதே ஹோல்டர்ல அரை வாட் எல்.இ.டி. போட்டா 0.15 யூனிட்தான். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க!

இனிமே வாட்டைப் பார்த்து வெளிச்சத்தை எடை போடாதீங்க. அட்டையில 'லூமென்'னு இருக்கும், அதைப் பாருங்க. பழைய 60 வாட் குண்டு பல்ப் சுமார் 700 லூமென். 9 வாட் எல்.இ.டி.யே அதைத் தாண்டிடும். ஃபிட்டிங்ல 'அதிகபட்சம் 60 வாட்'னு ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம். அது சூட்டுக்காகச் சொன்னது, 9 வாட் தாராளமா போடலாம். மஞ்சள் வெளிச்சம் பிடிக்கும்னா 2700 கெல்வின், பளீர் வெள்ளைன்னா 6500. முழுக்க மூடின கண்ணாடிக் குடுவைக்குள்ள மட்டும் அதிக வாட் எல்.இ.டி. வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாம சீக்கிரமே மண்டையைப் போட்டுடும்.

பேய் இல்லீங்க... ஒயரிங்!

பழைய வீட்ல எல்.இ.டி. மாட்டினவங்க சில பேர், 'ஸ்விட்சை அணைச்ச பிறகும் லேசா எரியுது'ன்னு மிரளுவாங்க. ஸ்விட்ச்ல சிவப்பு இண்டிகேட்டர் இருந்தா, அது வழியா கசியற துளி கரன்ட்டே காரணமா இருக்கலாம். அது இல்லைன்னா கவனிக்கணும். ஸ்விட்சை ஃபேஸ்ல போடாம நியூட்ரல்ல போட்டிருக்க வாய்ப்பு இருக்கு. அப்படின்னா, ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரன்ட் இருக்கும்! குண்டு பல்ப் இருந்த வரைக்கும் இது வெளியே தெரிஞ்சிருக்காது. எல்.இ.டி. காட்டிக் கொடுக்குது. உடனே ஆளை வெச்சு சரி பண்ணுங்க. அதனாலதான், பல்ப் மாத்தும்போது ஸ்விட்சை நம்பாம மெயினை ஆஃப் பண்ணச் சொல்றது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

* பழைய பல்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. டியூப்னா அதுல அச்சடிச்ச எழுத்தையும் ரெண்டு முனையையும் செல்போன்ல படம் எடுத்துக்கோங்க.

* ரெண்டு பின், நாலு பின் பி.எல். விளக்குகளை மாத்திப் போட முடியாது. ரெண்டு பின்னுல ஸ்டார்ட்டர் விளக்குக்குள்ளேயே இருக்கும். நாலு பின்னுக்கு வெளியே இருக்கும். எண்ணிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

* எல்.இ.டி. அட்டையில பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்'ல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க.

* சி.எஃப்.எல்., டியூப் உடைஞ்சா ஜன்னலைத் திறந்துட்டு பத்துப் பதினஞ்சு நிமிஷம் வெளியே வந்துடுங்க. அப்புறம் துடைப்பத்தால பெருக்காம, அட்டையால அள்ளுங்க. தூளை செல்லோ டேப்ல ஒத்தி எடுங்க. சாதாரண குப்பையில போடாம, இ-வேஸ்ட் வாங்குற இடத்துல கொடுங்க.

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும் டி.வி. ரிமோட்டைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு வாங்க. மாடிப்படி, பாத்ரூம், பின்கட்டு... எங்கெல்லாம் விளக்கு எரியலைன்னு பாட்டிகிட்ட கேளுங்க. நம்மளைவிட அவங்களுக்குத்தான் அந்த லிஸ்ட் நல்லாத் தெரியும்!