சுவர் வாடகையும் தரகுக் கூலியும்

"வலைப்பதிவு எழுதி காசு பார்க்க முடியுமா சார்?" இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது மெயிலில் வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர் "வீட்டிலிருந்தே லட்சங்கள்" வகை வீடியோ ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போச்சு. அதனால் இதுவரை படித்துக் குறித்து வைத்திருந்ததை இங்கே மொத்தமாகப் போட்டுவிடுகிறேன்.

முடியும். ஆனால் நாம் எதை விற்பதால் அந்தக் காசு வருகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கணும். அந்த வீடியோக்காரர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை.

நெடுஞ்சாலை ஓரம் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும். சிமென்ட் கம்பெனி ஆட்கள் வந்து சுவரைக் கேட்பார்கள். வெள்ளையடித்து, தங்கள் பேரைப் பெரிசாக எழுதிவிட்டு, கையில் ஏதோ கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த சிமென்ட் நல்லதா என்று வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் கொடுத்தது சுவரை மட்டும்தான். தரகர் விஷயம் வேற. மாடு வாங்கப் போனாலும் மனை வாங்கப் போனாலும் கூடவே வந்து, "கண்ணை மூடிட்டு வாங்கலாங்க" என்று சொல்கிறவர் அவர். வியாபாரம் படிந்தால்தான் அவருக்குக் கூலி. படியாவிட்டால் டீச்செலவுகூட அவர் கைக்காசுதான்.

ஆட்சென்ஸ் மாதிரி விளம்பரங்கள் சுவர் வாடகை. அஃபிலியேட் மார்க்கெட்டிங் தரகுக் கூலி. இரண்டையும் "ஆன்லைன் வருமானம்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் சுவர். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற தளத்தில் ஏடி அண்ட் டி கம்பெனியின் பேனர் வந்ததிலிருந்து இணைய விளம்பரத்தின் கதையைச் சொல்வது வழக்கம். ஆனால் நம்மைப் போன்ற சின்னப் பதிவர்களுக்கு அதில் இடமில்லை. விளம்பரதாரரைத் தேடிப்பிடித்து, பேரம் பேசி, பில் போட்டு வசூலிக்க நம்மால் ஆகுமா? 2003 ஜூனில் கூகுள் ஆட்சென்ஸைத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. நாலு வரி நிரலைப் பதிவில் ஒட்டினால் போதும், ஆள் பிடிப்பது, வசூல் எல்லாம் அவர்கள் பாடு. வரும் பணத்தில் நமக்கு எவ்வளவு பங்கு என்பதை 2010 மே மாதம் வரை வெளியே சொல்லாமலே நடத்தினார்கள் என்பது தனிக்கதை. அப்போது சொன்ன பங்கு 68 சதவீதம்.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அது முழுசாக வந்து நிற்பதற்குள் பின்னால் ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கு, படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், இதற்கு முன் எந்தெந்தத் தளங்களில் மேய்ந்தார் என்பதையெல்லாம் வைத்து, "இந்த ஆளுக்கு என் விளம்பரத்தைக் காட்ட இவ்வளவு தர்றேன்" என்று விளம்பரதாரர்கள் சார்பில் மென்பொருள்கள் விலை கேட்கும். அதனால்தான் ஒரே பதிவை மதுரையில் ஒருவர் படித்தால் ஒரு விலை, டொராண்டோவில் ஒருவர் படித்தால் வேறு விலை. எழுத்து அதேதான். ஆனால் அங்கே அந்த வாசகருக்குக் காப்பீடு விற்க நினைப்பவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை வேறு.

தமிழ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆட்சென்ஸ் பட்டியலில் இந்தி 2014 டிசம்பரில் வந்தது, வங்காளம் 2017இல், தமிழ் 2018 பிப்ரவரியில். அதாவது ஆட்சென்ஸ் வந்து கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் தமிழ்ப் பக்கங்கள் கணக்கிலேயே இல்லை. அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலப் பதிவு ஒன்றுக்கு அனுமதி வாங்கி, அந்த நிரலைக் கொண்டுவந்து தமிழ்ப் பதிவில் ஒட்டுவார்கள். பக்கத்தில் இருப்பது என்ன மொழி என்றே எந்திரத்துக்குப் புரியாததால், காசே வராத பொதுநல விளம்பரங்கள் வந்து உட்காரும். தமிழ் வலைப்பதிவுகள் மும்முரமாக இருந்த காலத்தில் வருமானம் இல்லை. வருமானத்துக்கு வழி திறந்தபோது பதிவர்கள் பெரும்பாலும் ஃபேஸ்புக்குக்குக் குடிபோய்விட்டிருந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். தினம் 500 பார்வை என்றால் மாதம் 15,000. ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏழரை டாலர். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணம் அனுப்பும். ஆக, முதல் பணத்தைப் பார்க்கப் பதிமூணு மாசத்துக்கு மேல் ஆகும். மின்கட்டணம், இணையக் கட்டணம் எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். "நீ என் விளம்பரத்தை அமுக்கு, நான் உன்னோடதை அமுக்குறேன்" என்று குழு சேர்ந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒரே வட்டாரத்திலிருந்து ஒரே மாதிரி வரும் கிளிக்குகளைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. கணக்கை முடக்கிவிட்டால் சேர்ந்திருந்ததும் போச்சு.

சுவர் வாடகை இவ்வளவு சன்னமாக இருப்பதால்தான் எல்லோரும் தரகுப் பக்கம் போகிறார்கள்.

அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை 1996 ஜூலையில் தொடங்கியது. அப்போது அது புத்தகக்கடை. ஏற்பாடு ரொம்ப எளிது. நாம் கொடுக்கும் இணைப்பின் வாலில் நம் அடையாளக் குறி ஒன்று இருக்கும். வாசகர் அதை அமுக்கி உள்ளே போனதும் அவருடைய உலாவியில் குக்கி என்ற சின்னக் குறிப்பு பதிவாகும். அடுத்த 24 மணி நேரத்துக்குள் அவர் அந்தக் கடையில் வாங்குவதற்கு நமக்குக் கமிஷன். நாம் சொன்ன பொருளைத்தான் வாங்கணும் என்றில்லை. புத்தக இணைப்பு வழியாகப் போனவர் மெத்தை வாங்கினாலும் நம் கணக்கில் ஏறும். பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷன் கிடையாது.

இதிலும் கணக்குப் பார்ப்போம். 4,000 ரூபாய் மிக்ஸிக்கு 5 சதவீதம் என்றால் 200 ரூபாய். மேலே சொன்ன சுவர்க் கணக்கில் இருநூறு ரூபாய் வர ஆயிரக்கணக்கான பேர் வந்து போகணும். இங்கே ஒருத்தர் வாங்கினால் போதும். அந்த ஒருத்தரை வாங்கவைப்பதுதான் இனி எழுதுபவரின் வேலை என்று ஆகிவிடுவதுதான் சங்கடம்.

விகிதத்தை முடிவு செய்வது கடைக்காரர். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அமேசான் அமெரிக்காவில் அறைகலன் வகைக்கு 8 சதவீதமாக இருந்த கமிஷனை 3 ஆக்கியது. மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆனது. அதற்கு முன்பு, 2011இல், கலிஃபோர்னியா மாநிலம் இந்த அஃபிலியேட்டுகளைக் காரணம் காட்டி, "எங்க ஊர்ல உங்களுக்குத் தரகர்கள் இருக்காங்க, அதனால விற்பனை வரி கட்டுங்க" என்று சட்டம் போட்டது. அமேசான் அந்த மாநிலத்துத் தரகர்கள் அத்தனை பேரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டது. அரசோடு உடன்பாடு ஆன பிறகுதான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டிய பதிவர்களுக்கு இதில் பேச்சே கிடையாது.

கொஞ்சம் பேராசைப்பட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஷான் ஹோகன் வழக்கு. ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட்டுகளில் முதலிடத்தில் இருந்தவர். மற்ற தளங்கள் ஒட்டிக்கொள்ள இலவசமாகச் சில கருவிகள் கொடுத்தார். அந்தத் தளங்களுக்கு யார் வந்தாலும், எதையும் அமுக்காமலேயே, ஈபேயின் குக்கி அவர்கள் உலாவியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அவர்கள் தாமாகவே ஈபேயில் ஏதாவது வாங்கினாலும் கமிஷன் இவருக்கு. சில வருஷங்களில் சுமார் 2.8 கோடி டாலர் வாங்கினார். 2008இல் ஈபே வழக்குப் போட்டது, 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2014இல் ஐந்து மாதம் சிறை. இதே வேலைக்காக அதே வருஷம் பதினைந்து மாதத் தண்டனை வாங்கிய இன்னொருவர், எதையும் ஆதாரம் கேட்டு நம்பு என்று சொல்லித்தரும் பாட்காஸ்ட் நடத்திவந்தவர். சிரிக்கிறதா அழுகிறதா தெரியலை.

ஆனால் இது அப்பட்டமான மோசடி. எனக்குச் சுவாரசியமாகப் படுவது, யாரும் திருடாமலேயே நடக்கும் கோளாறு. அதற்கு அமெரிக்க மெத்தைக் கதையை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

2014 வாக்கில் அங்கே மெத்தையை அமுக்கிச் சுருட்டிப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் முளைத்தன. காஸ்பர் அதில் பெரிய பேர். கடைக்குப் போய்ப் படுத்துப் பார்க்க வழியில்லாததால் வாங்குபவர்கள் கூகுளில் விமர்சனம் தேடினார்கள். வீட்டில் உட்கார்ந்து மெத்தைகளை ஆராய்ந்து எழுதும் பதிவர்கள் திடீரென்று முக்கியமானவர்கள் ஆனார்கள். ஆயிரம் டாலர் மெத்தைக்கு 5 சதவீதம் என்றாலே 50 டாலர். மிக்ஸி எந்த மூலைக்கு?

காஸ்பரும் முதலில் இந்தப் பதிவர்களுக்குக் கமிஷன் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு நிறுத்தியது. கமிஷன் கொடுத்த போட்டிக் கம்பெனி மெத்தைகள் பதிவுகளில் மேலே இருந்தன, காஸ்பர் கீழே. 2016 ஏப்ரலில் ஸ்லீப்போபோலிஸ் உள்ளிட்ட மூன்று தளங்கள் மீது காஸ்பர் வழக்குத் தொடுத்தது. கமிஷன் உறவைச் சரியாகச் சொல்லாமல் நடுநிலை விமர்சனம் போலக் காட்டி வாசகரை ஏமாற்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. 2017இல் ஸ்லீப்போபோலிஸ் தளத்தை வேறொரு கம்பெனி வாங்கியது. வாங்கப் பண உதவி செய்தது யார் தெரியுமா? காஸ்பர். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் காஸ்பர் மெத்தை பற்றிய விமர்சனம் நல்லபடியாக மாறியது.

இந்தக் கதையில் யார் பொய் சொன்னார்கள் என்று தேடினால் கிடைக்காது. அந்தப் பதிவர் மெத்தைகளை உண்மையிலேயே படுத்துப் பார்த்துத்தான் எழுதினார். கமிஷன் வாங்குவதாக ஒரு அறிவிப்பும் தளத்தில் இருந்தது. நிஜமாகவே அந்த மெத்தைதான் அவருக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் வாசகருக்கு அதை உறுதி செய்துகொள்ள வழியில்லை. எனக்கென்னவோ, அவருக்கே முழுசாகத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "எதையும் வாங்க வேண்டாம்" என்று முடியும் பதிவுக்குத் தரகுக் கூலி கிடையாது. உங்க பழைய மிக்ஸியே போதும், ஜாரையும் வாஷரையும் மட்டும் மாத்துங்க, சர்வீஸ் கடையில் சில நூறு ரூபாயில் முடியும் என்று ஒருத்தர் நேர்மையாக எழுதினால் அவருக்கு ஒரு பைசா வராது. "2024இன் சிறந்த பத்து மிக்ஸிகள்" என்று, அதில் ஒன்றைக்கூடத் தொடாமல் எழுதியவருக்கு வரும். நாள் ஆக ஆக எந்த வகைப் பதிவு பெருகும், எது காணாமல் போகும் என்று சொல்லவே வேண்டாம். கூகுளில் எந்தப் பொருளைத் தேடினாலும் இப்போது அதுதானே கிடைக்கிறது?

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2011இல் பிரையன் லாம் தொடங்கிய வயர்கட்டர் தளம் ஒவ்வொரு வகையிலும் பல பொருட்களைச் சோதித்து, பெரும்பாலும் ஒன்றைத்தான் பரிந்துரைக்கும். வருமானம் முக்கியமாக அஃபிலியேட்தான். 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. மோசமான பொருளைச் சொன்னால் வாசகர் திருப்பி அனுப்பிவிடுவார், அப்போது நமக்கும் கமிஷன் போய்விடும், ஆகவே சரியாகச் சொல்வதுதான் எங்களுக்கும் லாபம் என்பது அவர்கள் வாதம். பாதி ஒத்துக்கொள்ளலாம். திருப்பி அனுப்புவதற்குள் வெளியில் தெரிந்துவிடும் குறைகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். ரெண்டு வருஷம் கழித்து மோட்டார் எரிந்தால் கமிஷன் ஒன்றும் திரும்பப் போகாது.

சரி, இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க விதிமுறைகள் வெளியிட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை, இணையத்தில் பொருட்களைப் பரிந்துரைப்பவர்களுக்கென்று தனி வழிகாட்டியே கொடுத்தது. காசோ இலவசப் பொருளோ கமிஷனோ வாங்கினால் சொல்லணும், கண்ணில் படும்படி சொல்லணும், பரிந்துரை எந்த மொழியில் இருக்கோ அதே மொழியில் சொல்லணும். அந்தக் கடைசி விஷயம் நமக்கு முக்கியம். முழுப் பதிவையும் தமிழில் எழுதிவிட்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய.

என் ஏற்பாட்டைக் கேட்டவர்களுக்கு: விளம்பரச் சுவர் உண்டு. அஃபிலியேட் இணைப்பு புத்தகங்களுக்கு மட்டும், அதுவும் நானே காசு கொடுத்து வாங்கிப் படித்ததற்கு மட்டும். பதிவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன். திட்டி எழுதும் புத்தகத்துக்கும் இணைப்பு கொடுப்பேன், திட்டைப் படித்த பிறகும் வாங்குகிறவர் வாங்கட்டும். பெரிய வருமானம் ஒன்றுமில்லை. டொமைன் புதுப்பிக்கவும் வருஷத்துக்கு நாலைந்து புத்தகம் வாங்கவும் ஆகுது, அவ்ளோதான்.

இதற்குப் பிறகும் ஆட்சென்ஸ் போடணும் என்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ஒரு ரகசிய எண்ணைக் கூகுள் உங்கள் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பும். சாதாரணத் தபால்தான், பதிவுத் தபால் இல்லை. வர வாரக்கணக்கில் ஆகலாம். பேரையும் முகவரியையும் வங்கிக் கணக்கில் உள்ளபடியே கொடுங்க, பின்கோடு சரியாகப் போடுங்க, தபால்காரர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. அந்த எண்ணை உள்ளே போட்டு முகவரியை உறுதி செய்யாதவரை எவ்வளவு சேர்ந்தாலும் பணம் வெளியே வராது.