நீர்க்குழாயின் ஒழுக்கைக் கண்டறியும் கம்பியில்லா உணரிகள்

வேலணைத் தீவிலுள்ள மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டி முதலிய இடங்களின் மணற்பாங்கான நிலம் நன்னீருக்குப் பெயர்பெற்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், உவர்நீரும் அதே விகிதப்படி மேலெழும். எனவே, கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தல் அக்கிணற்றையே இழத்தற்கு வழியாகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று குழாயின் ஒழுக்காகும்.

மணலில் ஒழுக்கு மறைதல்

களிமண் நிலத்திற் புதைத்த குழாய் வெடித்தால் மேலே நீர் கசிந்து நிலம் சேறாகும். கமக்காரர் கண்ணாற் கண்டு திருத்திவிடலாம். மணல்நிலத்தில் அவ்வாறன்று. கசியும் நீர் உடனே கீழிறங்கிவிடுவதால் மேல்மண் காய்ந்தே கிடக்கும். பாத்தி நிறையக் கூடுதலான நேரம் செல்வதே வெளியில் தோன்றும் அறிகுறியாகும்.

நிமிடத்துக்கு 30 லீற்றர் ஒழுகும் ஒரு குழாயிலே மூன்று மணி நேரம் இறைத்தால் 5,400 லீற்றர் பயிரைச் சேராது போகும். “ஒழுகிய நீர் மீண்டும் நிலத்துக்கே செல்கின்றது, இதில் நட்டமென்ன?” எனச் சிலர் வினவலாம். நட்டம் மூன்று வகைப்படும். முதலாவது, எரிபொருட் செலவு. இரண்டாவது, கூடுதலான நேரம் இறைப்பதனாற் கிணற்றடியில் நீர்மட்டம் தாழ்ந்து, அவ்விடத்திற் கீழுள்ள உவர்நீர் கூம்புபோல் மேலெழுதல். மூன்றாவது, தோட்டத்தினூடே இறங்கும் நீர் இரசாயனப் பசளையின் நைத்திரேற்றைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரை அடைதல். அந்நீரையே நாம் குடிக்கவும் செய்கின்றோம்.

உணரிகள் தொழிற்படும் முறை

உணரி என்பது குழாயிற் பொருத்தப்படும் ஒரு சிறு கருவி. அதனோடு ஒரு மின்கலமும், அளவைகளை வானொலி அலைமூலம் அனுப்பும் ஓர் உறுப்பும் இணைந்திருக்கும். பல உணரிகள் தம் அளவைகளை ஒரு நடுநிலையத்துக்கு அனுப்புமாயின் அது கம்பியில்லா உணரி வலையமைப்பு எனப்படும். அவை மூன்று குறிகளைக் கவனிக்கும்.

பாய்ச்சல்: குழாயின் தொடக்கத்திற் புகும் நீருக்கும் முடிவில் வெளியேறும் நீருக்கும் உள்ள வேறுபாடு, இடையில் இழந்த நீரைக் காட்டும்.

அமுக்கம்: குழாய் வெடித்தவுடன் அமுக்கம் சடுதியாகக் குறையும்.

ஒலி: துளையினூடே பீறிடும் நீர் எழுப்பும் ஒலி குழாய்வழியே இருபுறமும் செல்லும். ஒழுக்குக்கு அண்மையிலுள்ள உணரியை அது முதலில் அடையும்.

இந்நேர வேறுபாட்டைக்கொண்டு இடத்தையும் அறியலாம். 100 மீற்றர் இடைவெளியில் இரண்டு உணரிகள் உள்ளன எனக் கொள்க. குழாயில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 400 மீற்றர். நேர வேறுபாடு செக்கனிற் பத்திலொரு பங்கு. அந்நேரத்தில் ஒலி செல்லுந் தூரம் 40 மீற்றர். 100 இல் 40 ஐக் கழித்து இரண்டாற் பிரிக்க 30 வரும். ஆகவே ஒழுக்கு, ஒலியை முதலிற் கேட்ட உணரியிலிருந்து 30 மீற்றரில் உள்ளது. முழுக் குழாயையும் தோண்டாது அவ்விடத்தை மட்டும் தோண்டினாற் போதும். பிளாத்திக்குக் குழாயில் ஒலி விரைவில் மங்குமாதலின், இரும்புக் குழாயிலும் பார்க்க உணரிகளை நெருக்கமாக வைத்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் 2008 ஆம் ஆண்டிற் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்து நகரக் குழாய்களில் இத்தகைய வலையமைப்பை நிறுவும் பணியைத் தொடங்கின. எமது மாகாணத்திலும் குழாய்நீர் அருமையாகி வருகின்றது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரைப் பெறும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. பெருஞ்செலவில் நன்னீராக்கி நெடுந்தூரம் கொண்டுசெல்லும் நீர் வழியில் ஒழுகுதல் பெரும் இழப்பாகும்.

எமக்கு ஏற்றது எது?

ஒரு கிணறும் சில பரப்புத் தோட்டமும் உடையவருக்கு வலையமைப்பு வேண்டியதில்லை; ஓர் அமுக்கமானி போதும். பல கமக்காரர் பொதுவாகப் பயன்படுத்தும் நீண்ட குழாய்க்கும், ஊர்க் குடிநீர்த் திட்டத்துக்கும் உணரிகள் பயன்படும். அவற்றை வாங்குவோர், உப்புக்காற்று உட்புகாத உறை உள்ளதா, மின்கலத்தை இங்கே மாற்றிக்கொள்ளலாமா என்பவற்றை முன்னரே விசாரித்தல் நன்று.

அமுக்கமானியாற் சோதிக்கும் முறை

1. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அடுத்து ஒரு வால்வையும், அதற்கப்பால் அமுக்கமானியையும் பொருத்துக. தோட்ட முனையிலும் ஒரு வால்வு இருத்தல் வேண்டும்.

2. குழாயை நீரால் நிரப்பி, உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறியபின் தோட்ட முனை வால்வை மெதுவாக மூடுக. சடுதியாக மூடினால் நீரின் அடியாற் குழாய் வெடிக்கக்கூடும்.

3. வழமையான அமுக்கம் ஏறியதும் இயந்திரப் பக்க வால்வை மூடி, இயந்திரத்தை நிறுத்துக.

4. மானியின் அளவைக் குறித்து, 15 நிமிடத்தின்பின் மீண்டும் பார்க்க. முள் இறங்குமாயின் குழாயிலோ வால்விலோ ஒழுக்கு உண்டு.

5. இடையில் வால்வுகள் இருப்பின், தோட்ட முனைக்கு அண்மையிலுள்ளதை மூடிச் சோதனையை மீண்டும் செய்க. முள் இறங்காதுவிடின், ஒழுக்கு அவ்வால்வுக்கு அப்பாலுள்ளது. இன்னும் இறங்குமாயின் அடுத்த வால்வை மூடிப் பார்க்க.

சேதம் வராது காத்தல்

வெயிலிற் கிடக்கும் பிளாத்திக்குக் குழாய் நாளடைவில் நொருங்குந் தன்மை அடையும். ஆதலால் அதைப் புதைத்தல் வேண்டும். கூரிய சுண்ணாம்புக் கற்களை அகற்றி, மணலிட்டு மூடுக. உழவு இயந்திரம் கடக்கும் இடத்தில் ஆழமாகப் புதைத்து அடையாளக் கட்டை நடுக. நெல்வயலைக் குறுக்கறுத்துச் செல்லும் குழாய் காலபோக உழவிற் சேதமடைந்திருக்கலாம். அறுவடை முடிந்து, மரக்கறிப் பயிருக்கு இறைக்கத் தொடங்குமுன் மேற்கூறிய சோதனையைத் தவறாது செய்க.

வீதியோரப் பொதுக் குழாயில் ஒழுக்கு இருப்பதாக ஐயுற்றால், நீர் வழங்கல் சபைக்கு உடனே அறிவித்தல் வேண்டும். சோதனையிற் சந்தேகம் எழுமாயின் உமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.