தாயக்கட்டையும் மாரிமழையும்



1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் ஒன்றை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதை சொல்வார். ஏனையோர் கதைமாந்தராக இருந்து, தாம் அடுத்துச் செய்வதைக் கூறுவர். ஐயம் எழும் இடத்தில் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். கதையில் நாள்கள் நகரும்போது, இன்று வெயிலா மழையா என்ற வினா எழுகின்றது. கதை சொல்பவர் தம் விருப்பப்படி மழை பெய்வித்தால் ஓரவஞ்சனை என்பார்கள். ஆகவே அதனையும் கட்டையிடமே விட்டுவிடுவர். எவ்வாறு விடுவது என்பதிலேதான் சங்கடம் இருக்கின்றது.

மாங்கேணியில் என்னிடம் பயிலும் மாணவர் சிலர் இவ்வகை ஆட்டம் ஒன்றைத் தாமே அமைத்தனர். அதில் அரசனும் இல்லை, அரக்கனும் இல்லை. ஒருவர் வயற்காரர், மற்றவர் வாவியில் வலை வீசுபவர், இருவருக்கும் நடுவே முகத்துவாரம். கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும் முகத்துவாரத்தை மாரியில் எப்பொழுது வெட்டுவது என்பது மட்டக்களப்பு வாவிக்கரையின் பழைய வழக்கு. வேளாண்மை மூழ்குமுன் வெட்டுங்கள் என்பார் வயற்காரர். மீனும் இறாலும் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பார் மீனவர். வானம் என்ன செய்யும் என்பதைப் பொறுத்தே ஒருவர் வெல்வார்.

முதலில் அவர்கள் வகுத்த விதி எளியது. கட்டையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் மழை. நான்கு முதல் ஆறு வரை வெயில். விளைவு, கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கும் ஆனி மாதத்திலும் பாதி நாள் மழை கொட்டியது! நம் ஊரின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையே பெய்துவிடும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆகவே பருவத்துக்கு ஓர் அட்டவணை எழுதினர். ஆனி, ஆடியில் ஆறு விழுந்தால் மட்டுமே மழை. இக்குறை எளிதில் தீர்ந்தது.

மற்றொரு குறை கண்ணுக்குப் புலப்படாதது. கட்டைக்கு நினைவு இல்லை; வானத்துக்கோ ஓரளவு உண்டு. நேற்றுப் பெய்த மழையை இன்றைய மழை தொடரவே பார்க்கும். இவ்வாறு ஒன்றையொன்று தொடரும் நிகழ்ச்சிகளை ஆராய்ந்தவர் மார்க்கோவ் என்னும் ருசியக் கணித அறிஞர். 1913இல் அவர் எடுத்துக்கொண்டது மழையை அன்று, கவிதையை! புஷ்கினின் காவியத்தில் 20,000 எழுத்துகளை எண்ணி, உயிருக்குப்பின் உயிர் எத்தனை முறை வருகின்றது, மெய்க்குப்பின் எத்தனை முறை என்று கணக்கிட்டார். கணிதத்தைக் கண்டு அஞ்சும் கலைப்பட்டதாரியாகிய எனக்கு இச்செய்தி பேராறுதல். 1962இல் கேப்ரியல், நொய்மன் என்னும் இருவர் அதே முறையை டெல் அவீவ் நகரின் மழைக்குப் பொருத்தினர். மாரிப்பருவத்தில், முந்தின நாள் மழையாயின் மறுநாளும் மழை பெய்வது நூற்றுக்கு 66. முந்தின நாள் மழையில்லையாயின் 25 மட்டுமே.

எங்கள் மாணவர் கார்த்திகை, மார்கழிக்கு அமைத்த விதி இதற்கு அணித்தானது. இன்று மழையாயின், ஒன்று முதல் நான்கு வரை விழுந்தால் நாளையும் மழை. இன்று வெயிலாயின், ஒன்றோ இரண்டோ விழுந்தால் மட்டும் நாளை மழை. நெடுங்காலம் ஆடினால் இதிலும் பாதி நாள்தான் மழை. பழைய விதியிலும் அவ்வளவே. பின் வேறுபாடு யாது? பழைய விதியில் தொடங்கிய மழை ஐந்து நாளாவது நீடிப்பது பதினாறில் ஒருமுறை. புதிய விதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருமுறை. விட்டுவிட்டுப் பெய்யும் மழையை வாவி தாங்கும். விடாமழையில்தான் வரம்பு உடையும். முகத்துவாரத்தைப் பற்றிய வாக்குவாதம் அதன் பின்னரே வகுப்பில் உண்மையாகச் சூடுபிடித்தது.

சூறாவளியை என் செய்வது? 23-11-1978 இரவில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். கூரைகள் பறந்த ஓசையைச் சிறு பிள்ளையாய்க் கேட்டவன் நான். அட்டவணையில் அதனை விட்டுவிட்டால் பொய். மாதந்தோறும் வரவிட்டால் அதுவும் பொய். ஆண்டுக்கொருமுறை, கார்த்திகை பிறந்ததும் இரண்டு கட்டைகளை எறிவது, இரண்டிலும் ஆறு விழுந்தால் சூறாவளி என்று முடிவாயிற்று. அதாவது 36இல் ஒன்று. இவ்வெண் ஆட்டத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டது. வானிலை நிலையத்தார் கணித்ததன்று.

உடனே ஒரு மாணவன், “அப்படியானால் 36 ஆண்டுக்குள் கட்டாயம் வருமே, சேர்!” என்றான். பெரியவர்களும் இவ்வாறே எண்ணுகின்றனர்; ஒருமுறை அடித்துவிட்டது, நம் காலத்தில் இனி வராது என்போரும் உளர். இரண்டும் பிழை. சென்ற ஆண்டு என்ன விழுந்தது என்பதைக் கட்டை அறியாது. 36 ஆண்டும் சூறாவளி இன்றியே கழிவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியான வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்த இரு கார்த்திகையிலும் வருவதற்கும் வாய்ப்பு உண்டு. அது மிகச் சிறியது, ஆயினும் இல்லாததன்று.

பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, 2004 மார்கழியில் வந்த ஆழிப்பேரலைக்கு எந்த எண் என்று கேட்டாள். அது கடலடியில் நிலம் நடுங்கியதால் வந்தது, வானிலையைச் சேர்ந்ததன்று என்று விளக்கினேன். அதற்கெனத் தனிக் கட்டை வைப்பதா என்பதை மாணவரிடமே விட்டேன். அவர்கள் வேண்டாம் என்றனர், நானும் வற்புறுத்தவில்லை.