சிறிய வேலை, பெரிய சடங்கு

பொருள்நோக்கு நிரலாக்கம் பயிலும் நாம் எல்லோரும் தொடக்கத்திலேயே கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: ஒரு பொருளின் உள்ளே இருக்கும் தரவை நேரடியாகத் தொடாதே; அதற்கென எழுதிய சிறு செயற்கூற்றின் வழியே கேட்டுப் பெறு. மாணவர் என்ற பொருளிடம் பெயரைக் கேட்டு வாங்கித் தரும் அச்செயற்கூற்றை 'அக்செஸர்' என்பர். நாம் 'அணுகி' எனலாம். இந்த நல்லொழுக்கத்திற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் குறைக்கும் வழியைப் பார்ப்போம்.

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியைச் சான்றாகக் கொள்வோம். 1994இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அம்மொழிக்குப் பொருள்கள் கிடைத்தன. பெர்லில் ஒரு பொருள் பெரும்பாலும் 'ஹாஷ்' எனப்படும் அட்டவணைதான். அணுகியின் உண்மையான வேலை, அதில் ஒரு சொல்லைத் தேடி அதற்குரிய மதிப்பைத் தருவது மட்டுமே.

ஆனால், அணுகியைப் பெர்லிலேயே எழுதினால் என்ன நடக்கிறது? அழைத்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய மதிப்புகளை ஒரு பட்டியலாக அடுக்க வேண்டும். உள் மாறிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கி, விடையை நகலெடுத்து, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஓர் அஞ்சல்தலை வாங்க எண் சீட்டு எடுத்து, பாரம் நிரப்பி, வரிசையில் காத்திருப்பது போன்றது இது. ஒருமுறை என்றால் பாதகமில்லை. பத்து இலட்சம் முறை என்றால்?

இங்கேதான் சி மொழி கைகொடுக்கிறது. பெர்லையும் சியையும் இணைக்கும் பாலம் 'எக்ஸ்எஸ்'. அதன்வழி எழுதிய அணுகி, மதிப்புகளை அடுக்கிலிருந்து நேரே எடுக்கிறது. பட்டியலும் தேவையில்லை, உள் மாறிகளுக்கான இடமும் தேவையில்லை. தேடும் சொல்லின் ஹாஷ் எண்ணையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். தேடும் வேலை அப்படியே இருக்கிறது, சடங்குகள்தாம் குறைகின்றன.

வேகத்தோடு பொறுப்பும் வருகிறது. பெர்ல் நமக்காகச் செய்துவந்த காவலை இனி நாமே செய்ய வேண்டும். வந்தது உண்மையிலேயே ஹாஷ்தானா என்று சோதிக்காவிட்டால் நிரல் பிழைச்செய்தி தராது. நினைவகத்தில் தவறான இடத்தைத் தொட்டு ஒரேயடியாக விழுந்துவிடும். ஒரு மதிப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பெர்ல் எண்ணிக்கை வைத்திருக்கிறது. அதை ஒன்று கூட்ட மறந்தால், பயன்பாட்டில் உள்ள மதிப்பே அழிக்கப்படும். ஒன்று குறைக்க மறந்தால் நினைவகம் கசியும். புதிய மதிப்பை நகலெடுக்காமல் அப்படியே பொருளில் வைத்தால், அழைத்தவர் பின்னர் தம் மாறியை மாற்றும்போது நம் பொருளும் சத்தமின்றி மாறிவிடும்.

ஆகவே, எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. சிபேன் களஞ்சியத்திலுள்ள 'கிளாஸ் எக்ஸ்எஸ்அக்செஸர்' இவ்வேலையைச் செய்து தருகிறது. 'மூ' என்ற தொகுப்பும், அது நிறுவப்பட்டிருந்தால், எளிய அணுகிகளுக்கு அதையே பயன்படுத்திக்கொள்கிறது.

நண்பர்களே, முதலில் அளந்து பாருங்கள். தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்துக் கிடக்கும் நிரலுக்கு அணுகியின் வேகம் உதவாது. நேரம் உண்மையிலேயே அணுகிகளில் செலவாகிறது என்று அளவீடு காட்டினால் மட்டுமே சியை நாடுங்கள். எந்தச் சடங்கு வீண், எந்தச் சடங்கு காவல் என்று பிரித்தறிந்த பிறகே அதை நீக்கத் துணிய வேண்டும்.