சொல்வகையைச் செயல்வழிக் கற்பித்தல்

தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுக்கிறது. ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கணத்தை வினாவிடை வடிவிலும் எழுதி, மாணவர் வாயிலிருந்து விடை வருவதைப் பாடத்தின் பகுதியாக்கினார். ஆயினும் வரையறையைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவர் புதிய வாக்கியமொன்றில் தடுமாறுவது இன்றும் உண்டு.

இத்தடுமாற்றத்தைச் செயல்வழியே நீக்கலாம். கொழும்பின் மருதானையில், “புகையிரதம் மருதானையில் நின்றது” என்னும் வாக்கியம் எம்மாணவருக்கும் அந்நியமன்று. அதன் சொற்களை, 'மருதானை', 'இல்' ஆகியவற்றையும் பிரித்து, அட்டைகளில் எழுதி மாணவரிடம் கொடுத்து, 'ஐ', 'கு' முதலிய வேற்றுமை உருபுகளை, அதாவது பெயரின் பொருளை வேறுபடுத்தும் ஒட்டுகளை, ஏற்பவை ஒருபுறமும் காலம் காட்டுபவை மறுபுறமும் நிற்கச் செய்தால், பெயரும் வினையும் மாணவரின் சோதனையாலேயே பிரிகின்றன. 'இல்' அட்டையை ஏந்தியவர் தனித்து நிற்க இயலாமல் ஒரு பெயரை நாடிச் செல்லும்போது இடைச்சொல்லின் இயல்பு கண்முன் விளங்கும். பிற சொற்களுக்கும் அட்டைகள் சேர்க்கலாம்; எல்லாவற்றிலும் பயன்மிக்கது 'மலர்' என்னும் அட்டையே. 'மலரை' எனில் பெயர், 'மலர்ந்தது' எனில் வினை என்பதால், அதனை எங்கே நிறுத்துவது என்று மாணவரிடையே எழும் வாதத்தை ஆசிரியர் அவசரப்பட்டு முடித்துவைக்கலாகாது. 'சால', 'நனி' போன்ற உரிச்சொற்கள் பேச்சில் அருகிவிட்டமையால், அவற்றைச் செய்யுட் பாடத்தோடு இணைத்துக் கற்பிப்பதே பொருத்தமானது.