ஊர்க் கடனும் ஊரார் சம்மதமும்

ஊருக்கு வேண்டிய நற்காரியங்களுக்காக ஒரு நகரசபை கடன் வாங்குவது குற்றமன்று. ஏரியைத் தூர் எடுப்பதும், பாதாளச் சாக்கடை அமைப்பதும், மழைநீர்க் கால்வாய் வெட்டுவதும் ஒரு வருஷத்து வரிப்பணத்தில் முடிகிற வேலைகள் அல்ல. இன்று பதிக்கிற குழாய் முப்பது வருஷம் பயன் தருமாயின், அதன் செலவு முழுவதையும் இன்றைய வரி கொடுப்போர் தலையில் சுமத்தாமல், பின்வரும் வருஷங்களுக்கும் பகிர்ந்து விடுவது நியாயமே. ஆனால், கடனைத் தீர்ப்பவர் யார், அந்தப் பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வதென்று தீர்மானிப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும். தீர்ப்பவர் ஜனங்கள், தீர்மானிப்பவர் வேறொருவர் என்றால் அதற்கு ஸ்தல சுயாட்சி என்ற பெயர் பொருந்தாது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2025-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சி கடன் பத்திரங்கள் வெளியிட்டு ரூ. 200 கோடி திரட்டிற்று. வட்டி விகிதம் நூற்றுக்கு 7.97. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்கும் வேலைக்காக இத்தொகை திரட்டப்பட்டது. நகரங்கள் இவ்வழியில் இறங்க வேண்டுமென்பது மத்திய சர்க்காரின் விருப்பம். முதல் முறை பத்திரம் வெளியிடும் நகரத்துக்கு நூறு கோடிக்குப் பதிமூன்று கோடி வீதம் ஊக்கத் தொகையும் அளித்து வந்திருக்கிறது. சென்னையின் முயற்சியை நாம் குறை கூறவில்லை. எனினும் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்க வேண்டும். ரூ. 200 கோடிக்கு வட்டி மட்டும் வருஷத்துக்கு ஏறத்தாழப் பதினாறு கோடி. அதைக் கட்டப்போகிறவர்கள் சென்னையில் வீட்டு வரி செலுத்துகிற ஜனங்களே. அவர்களில் எத்தனை பேர் இந்தக் கடனைப் பற்றி முன்கூட்டி அறிந்திருந்தார்கள்? பத்திரம் வாங்குகிற முதலீட்டாளர்களுக்கு ஒவ்வொரு விவரமும் அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. வரி கொடுப்போருக்கு அத்தகைய ஏடு எதுவும் கொடுக்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சென்னை சென்ற வழியில் நாளை தாம்பரமும் செல்லக்கூடும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்று சேர்த்து 2021-ம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. ஐந்து மண்டலங்களும் எழுபது வார்டுகளும் கொண்ட இந்நகரம் பெயரளவில் பெரிது. வசதிகளிலோ ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வு மிகுந்தது. ஓரிடத்தில் பாதாளச் சாக்கடை உண்டு, மற்றோரிடத்தில் மலநீர் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். 2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் ஜனங்கள் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தனை வேலைகளுக்கும் சொந்த வருமானம் போதாது என்பது வெளிப்படை. ரூ. 100 கோடி கடன் வாங்குவதாகவும், வட்டி நூற்றுக்கு எட்டு என்றும் வைத்துக்கொண்டால், வருஷ வட்டி எட்டுக் கோடி. எழுபது வார்டுகளுக்கும் பங்கிட்டால் வார்டு ஒன்றுக்குப் பதினோரு லட்சத்துக்கு மேல் வரும். இதைக் கேட்டறிய அந்தந்த வார்டாருக்கு உரிமை இல்லையா?

ஜனங்களைக் கேட்டால் காரியம் கெட்டுவிடும், யார்தான் பணம் கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்று உத்தியோகஸ்தர் சிலர் கூறுவதுண்டு. இதற்கு மறுமொழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் அரைமணியில் அடைகிற ஆலந்தூரே மறுமொழி.

ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1996-ம் ஆண்டு தேர்தலில் திரு. ஆர். எஸ். பாரதி நகராட்சித் தலைவரானார். ஊருக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமென்ற யோசனை எழுந்தது. சுமார் 34 கோடி ரூபாய் ஆகுமென்று மதிப்பிட்டார்கள். நகராட்சியின் கஜானா அதைத் தாங்காது. சர்க்காரின் மானியத்தை நம்பியிருந்தால் காலம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஜனங்களிடமே சென்றார்கள். சாக்கடை இணைப்பு வேண்டுமா, அதற்கு எவ்வளவு கொடுக்கச் சம்மதம் என்று வீடு வீடாக விசாரித்தார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கணக்கை விளக்கினார்கள். வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாயும், வியாபார ஸ்தலங்களுக்குப் பதினாயிரம் ரூபாயும் முன்பணம் என்றும், பின்னர் மாதக் கட்டணம் இவ்வளவு என்றும் வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்தப் பணம் நகராட்சியின் மற்றச் செலவுகளில் கரைந்து போகாதபடி தனிக் கணக்கில் வைக்கப்பட்டது.

அந்நாளில் ஐயாயிரம் ரூபாய் நடுத்தரக் குடும்பத்துக்கு அற்பத் தொகையன்று. அதுவும், ஒரு குழாய்கூடப் பூமிக்குள் இறங்குமுன் கேட்கப்பட்ட தொகை. இருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பத்தார் பணம் கட்டினார்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜனங்களின் முன்பணத்திலிருந்தே வந்தது. மீதியை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உதவும் நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் கடனாகக் கொடுத்தன. 2000-ம் ஆண்டில் வேலை துவங்கிற்று. பெருங்குடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. 2011-ல் ஆலந்தூர் சென்னையுடன் இணைந்து தன் நகராட்சியை இழந்துவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் இழக்கத்தக்கதன்று. ஊராரே தம் பணத்தை முன்வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டபோது கடன் கொடுப்போருக்குத் தைரியம் பிறந்தது. ஜனங்களின் சம்மதமே அவ்வூருக்கு முதல் ஜாமீனாயிற்று.

கடன் பத்திரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 1998-ம் ஆண்டில் ஆமதாபாத் மாநகராட்சி, ராஜ்ய சர்க்காரின் ஜாமீன் இல்லாமலே நூறு கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. தன் வரி வசூலைச் சீர்ப்படுத்தியிருந்ததே அதற்குப் பலம். 2003-ம் ஆண்டு வாக்கில் நம் நாட்டிலேயே பதிமூன்று சிறிய ஊர்களை ஒன்றாய்ச் சேர்த்துச் சுமார் முப்பது கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டார்கள்; தனித்தனியே கடன் சந்தைக்குப் போக இயலாத சென்னைப் புறநகர் ஊர்கள் சிலவும் அவற்றில் அடங்கும். 2023-ல் இந்தூர் மாநகராட்சி, சூரிய சக்தியால் மின்சாரம் உற்பத்தி செய்து நகரத்துக்கு நீர் இறைக்கும் செலவைக் குறைப்பதற்காக ரூ. 244 கோடிக்குப் பத்திரங்களை வெளியிட்டபோது, பெரிய நிறுவனங்களோடு சாதாரண ஜனங்களும் வாங்க வாய்ப்பளித்தது. கேட்ட தொகையைவிடப் பன்மடங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஆக, ஜனங்களிடம் நம்பிக்கை இல்லையென்ற பேச்சு ஆதாரமற்றது. நம்பிக்கைக்குரிய யோசனையை அவர்கள் முன் வைக்கிறோமா என்பதே கேள்வி.

இந்த உண்மையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார்கூட உணர்ந்திருந்தனர் என்றால் நேயர்கள் வியப்படையலாம். 1688-ல் சென்னைக்கு ஒரு கார்ப்பொரேஷனை அவர்கள் ஏற்படுத்தியதற்குக் காரணம் நம்மீது கொண்ட அன்பன்று. அதிகாரத்தால் வரி விதித்தால் ஜனங்கள் சிறு காசு கொடுக்கவும் முணுமுணுப்பார்கள். தாங்களே விதித்துக்கொண்ட வரியானால் அதைவிடப் பன்மடங்கு மனமுவந்து கொடுப்பார்கள் என்று லண்டனிலிருந்த கம்பெனித் தலைவர்கள் கணக்கிட்டனர். பணம் பறிக்க வந்த வியாபாரிகளுக்கே தெரிந்த இந்த ரகசியம், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைக்குத் தெரியாமற் போகலாமா? 2022-ல் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது எழுந்த முணுமுணுப்பு, வரி அதிகம் என்பதனால் மட்டும் எழுந்ததன்று. கொடுத்த பணம் எங்கே போகிறதென்று தெரியாமையாலும் எழுந்ததே.

அந்நிய நாடொன்றின் வழக்கத்தையும் பார்க்கலாம். அமெரிக்காவில் பல நகரங்கள் இத்தகைய கடன் வாங்குமுன் வாக்காளரின் சம்மதம் பெற்றாக வேண்டும். டெக்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள சான் அன்டோனியோ நகரில் 2017-ம் ஆண்டு 85 கோடி டாலர் கடனுக்கு யோசனை செய்தபோது, முதலில் ஊர்ப் பிரஜைகளைக் கொண்ட கமிட்டிகளை அமைத்து, எந்தச் சாலை, எந்த வடிகால், எந்தப் பூங்கா என்று ஜாபிதாவை ஆராயச் செய்தார்கள். பின்னர் ஆறு தனித்தனிப் பிரேரணைகளாக வாக்காளர் முன் வைத்தார்கள், ஆறும் நிறைவேறின. கேட்பதனால் வேலை நின்றுவிடவில்லை.

நம் நாட்டில் சட்டம் வாக்கெடுப்பு கோரவில்லை. ஆயினும் ஜனங்களைக் கேட்பதற்கு வேண்டிய சாதனம் நம் கையில் இருக்கிறது. 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து, பெரிய நகரங்களில் வார்டுக் கமிட்டிகள் வேண்டுமென்றது. வெகுகாலம் ஏட்டில் உறங்கிய அவ்வேற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் வகுக்கப்பட்டு, வார்டுகளுக்குள் பகுதி சபைகளும் ஏற்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1-ம் தேதி பகுதி சபைகள் கூடியபோது, முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்தான் நடந்தது. அந்தப் பெருமைக்குரிய நகரம், கடன் விஷயத்திலும் வழிகாட்டியாக நிற்பது பொருத்தமல்லவா? தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்ற முறையீடுகளை மட்டும் கேட்டுக் கலைவதற்காகப் பகுதி சபை ஏற்படவில்லை. ஊரின் பெரிய செலவைப் பற்றி அங்கே பேச்செழாவிட்டால் அது மனுக் கொடுக்கும் கூடமாகவே முடியும்.

ஒவ்வொரு வார்டாரும் தம் தெருவுக்கே கேட்பார்கள், பொது நன்மை மறைந்துவிடும் என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து மேலும் கிழக்கே சென்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகிறது. மேலூரில் மட்டும் கால்வாயை அகலப்படுத்தினால் கீழூர் மூழ்கும். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. ஆகவே வார்டு தோறும் ஜாபிதா தயாரானபின், நீரோட்டத்தை ஒட்டிய வார்டுகளின் பிரதிநிதிகளை ஒன்றாய் உட்காரவைத்து, இஞ்சினீயர்கள் படத்தை விரித்துக் காட்ட வேண்டும். உண்மை நிலையை எடுத்துச் சொன்னால் நம் ஜனங்கள் அறிந்துகொள்ள மாட்டாதவர்கள் அல்லர். 2019-ம் ஆண்டு கோடையில் சிட்லபாக்கத்தார் தாமே இறங்கித் தம் ஏரியைச் சுத்தம் செய்தார்கள். அதன் பின்னரே அவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சர்க்கார் அறிவித்தது. அவ்வூராருக்கு ஏரியைப் பற்றி யோசனை சொல்லத் தகுதியில்லையென்று யார் கூறுவார்?

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். குடியிருப்போர் சங்கங்களில் பெரும்பாலும் பேசுபவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்போர், ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்வோர், பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிற தொழிலாளர், பெண்கள் ஆகியோரின் குரல் அங்கே மெலிதாகவே ஒலிக்கும். ஏரி சீரமைப்பு என்ற சொல் பங்களாவாசிக்கு நடைபாதையாகவும், கரையில் வாழும் ஏழைக்கு வீடிழக்கும் நோட்டீஸாகவும் தோன்றக்கூடும். அவனையும் அழைத்துக் கேளாமல் தயாரித்த ஜாபிதா ஊரார் ஜாபிதா ஆகாது. ஞாயிற்றுக்கிழமையிலோ மாலை வேளையிலோ, அவர்கள் வாழும் இடத்திலேயே கூட்டம் நடத்துவது கடினமான காரியமன்று.

ஆகவே தாம்பரம் மாநகராட்சி கடன் சந்தையை நாடுமுன் செய்யவேண்டியவை இவை என்று நாம் கருதுகிறோம். எந்தெந்த வேலை, எவ்வளவு செலவு, எந்த வருமானத்திலிருந்து கடன் தீரும், வீட்டு வரி உயருமா என்ற விவரங்களைத் தமிழில் அச்சிட்டு வார்டு தோறும் வழங்க வேண்டும். பகுதி சபைகள் அதை விவாதித்து, முதலில் செய்யவேண்டியது எது என்று வரிசைப்படுத்தித் தெரிவிக்க வேண்டும். அந்த வரிசையை மாநகராட்சி மன்றம் மாற்றுமாயின் காரணத்தைப் பகிரங்கமாகக் கூற வேண்டும். பத்திரங்களில் ஒரு பகுதியையேனும் சிறு தொகைகளாக ஊராரே வாங்குவதற்கு வழி செய்ய வேண்டும். தன் ஊர்ச் சாக்கடைக்குக் கடன் கொடுத்தவன் அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாய்க் கவனிப்பான். வேலை நடக்கும்போது மூன்று மாதத்துக்கொரு முறை செலவுக் கணக்கைப் பகுதி சபையில் படிக்க வேண்டும்.

மாநகராட்சி இவற்றைத் தானாகவே செய்யும்வரை ஜனங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பொது ஊழியர்கள் தத்தம் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று விசாரித்து அறியட்டும். பத்துப் பேரையாவது உடன் அழைத்துச் செல்லட்டும். கடனைப் பற்றிய பேச்சு இருக்கிறதா, இருந்தால் ஜாபிதா எங்கே என்று கேட்கட்டும். பத்திரத்தில் கையெழுத்து விழுந்தபின் கேட்பதில் பயனில்லை. அதற்குள் வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.