வெள்ளிப் பேழையில் எழுந்த கோட்டைகள்

வானளாவிய மாளிகைகளைக் கல்லிலும் சுண்ணத்திலும் கண்டு வியக்கிறோம். அவற்றையே உள்ளங்கையளவு வெள்ளித் தகட்டில் காட்டிய கைவினைஞர்களும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் உருவான வெள்ளி அட்டைப் பேழைகளைப் பற்றி ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பேழையின் பயன்

அக்காலத்து ஆங்கிலேய உயர்குடியினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றால், தம் பெயர் பொறித்த அட்டையை முதலில் பணியாளரிடம் கொடுத்தனுப்புவது மரபு. நேரில் வந்ததை உணர்த்த அட்டையின் ஒரு மூலையை மடித்துக் கொடுப்பதும் உண்டு. அவ்வட்டைகள் கசங்காமல் காக்கவே இப்பேழைகள் பிறந்தன. விக்டோரியா அரசி 1837இல் அரியணை ஏறியதையொட்டிய ஆண்டுகளில் இவை பெரிதும் விரும்பப்பட்டன. நதானியேல் மில்ஸ் என்பாரின் பட்டறை இத்துறையில் தனிப்புகழ் பெற்றது.

எஃகு அச்சில் வெள்ளித் தகட்டை வைத்து அழுத்திக் கட்டடத்தைப் புடைப்பாக எழுப்புவர்; பின்னர்ச் சிற்றுளி கொண்டு நுண்கோடுகளைத் திருத்துவர். இவ்வாறு கட்டடம் பொறித்தவற்றைச் சேகரிப்போர் 'கேஸில் டாப்' என்று வழங்குகின்றனர்.

இலக்கியம் தந்த சிறப்பு

எக்கட்டடங்களைப் பொறித்தனர் என்பதே தமிழ் பயிலும் நாம் கருதத்தக்கது. அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டையோடு, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் வாழ்ந்த ஆபட்ஸ்ஃபோர்டு இல்லமும், கவிஞர் பைரனின் முன்னோர் இல்லமான நியூஸ்டெட் ஆபியும் இடம்பெற்றன. இடிபாடாய்க் கிடந்த கெனில்வொர்த் கோட்டையும் விடுபடவில்லை. 1821இல் அதன் பெயரிலேயே ஸ்காட் எழுதிய நாவல் அக்கோட்டையின் புகழைப் பரப்பியது. மன்னனின் கோட்டைக்கு நிகராக எழுத்தாளனின் வீடும் வெள்ளியில் ஏறியது இலக்கியத்தின் ஆற்றலுக்குச் சான்றன்றோ!

முத்திரை உரைக்கும் உண்மை

பேழையின் வரலாற்றை அதன் சிறு முத்திரைகளே கூறும். நங்கூரம், 1773இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் மதிப்பீட்டு நிலையத்தின் குறி. நடக்கும் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பதன் உறுதி. ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். பெயரின் முதலெழுத்துகள் செய்தவரைக் காட்டும். 1890 வரை இருந்த அரசரின் தலையுருவமோ வரி செலுத்தியமைக்குச் சான்று.

இப்பேழைகளை அடிக்கடி தேய்த்துத் துலக்கினால் பளபளப்பு மிகும். ஆனால் புடைப்பின் கோபுரமும் சாளரமும் மழுங்கிவிடும். அதனினும் பெருங்கேடு உருக்குவது. 1980இன் தொடக்கத்தில் வெள்ளி விலை பன்மடங்கு உயர்ந்தபோது, பழைய வெள்ளிப் பொருள்கள் பல எடைக்கு விற்கப்பட்டு உலைக்குச் சென்றன. எடைக்கு விலை கிடைத்தது. கலைக்கு விலை கிடைக்கவில்லை.

1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்கென எழுந்த படிகமாளிகை, பின்னர் சிடன்ஹாமுக்கு மாற்றப்பட்டு, 1936இல் தீக்கிரையாயிற்று. மாளிகை மறைந்தது, அதன் உருவம் பொறித்த பேழைகளோ இன்றும் உள்ளன. ஆகவே மாணவச் செல்வங்களே, பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தால், தராசைத் தேடுமுன் அதன் முத்திரையைப் படியுங்கள். சிறு பொருளும் ஒரு காலத்தின் வரலாற்றைக் காத்து நிற்கும்.